கித்தேரியம்மாள் மேல் இருந்த வழக்கு

சிப்பிமுனைக்காரர்கள் மேல் வழக்கு இருக்கிறது என்று ஊர் உலகம் பேசத் தொடங்கியதற்கும், அந்த வழக்கு நிஜமாகவே அவர்கள் மேல் ஏறி உட்கார்ந்ததற்கும் நடுவில் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஏறி உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வலையில் மாட்டிய சாளை மீன்களைப் பெண்கள் கழற்றிக்கொண்டிருந்த நேரம். உடைமரத் தூர்களிலிருந்தும், கவிழ்த்துப் போட்ட வள்ளங்களின் அடியிலிருந்தும், கோயில் மதிலின் வெடிப்பிலிருந்தும் உடும்புகள் வந்தன. அவசரமே இல்லாமல், ரேஷன் கடைக்கு வருகிறவர்களைப் போல வரிசை கலையாமல் வந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய ஆளை அடையாளம் கண்டு, காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, முதுகில் ஏறி, இடது தோளில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டன. எண்பத்துமூன்று பேர் மேல் எண்பத்துமூன்று உடும்புகள். கித்தேரியம்மாள் கையில் இருந்த சாளையைக் கீழே போடாமல், "எம்மா, என்னா கனம்" என்று மட்டும் சொன்னாள்.

அதே காலையில்தான் கடல்களுக்கு அப்பால் இருக்கிற ஒரு குளிர் தேசம் தன் எல்லைச் சட்டத்தை மாற்றியது. அதுவரை பழைய சின்ன வழக்குகளை யாரும் கேட்கவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் எந்தக் காலத்து வழக்காக இருந்தாலும் எல்லையில் நின்று சொல்லியாக வேண்டும், சொன்ன பிறகு விடுவதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். இரண்டும் ஒரே காலையில் நடந்ததை சிப்பிமுனையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடும்புப் பிடி என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதை முதுகில் உணர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு வேறு யோசனைக்கு நேரமில்லை.

வழக்கு வந்த கதை சின்னது. ஊருக்கு வந்த குடிதண்ணீர்க் குழாயை ஓர் இறால் பண்ணைக்குத் திருப்பிவிட்டார்கள் என்று சிப்பிமுனை ஜனங்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு ஜீப்பின் கண்ணாடி உடைந்தது, யார் உடைத்தது என்று கண்ணாடிக்கே தெரியாது. எண்பத்துமூன்று பெயரை எழுதிக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், நடுவர் கேட்டால் எல்லோரும் 'இல்லை' என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஆனால் அந்த நடுவர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்து, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கு இரவில் சாமியார் ஞானஸ்நான வாக்குறுதி கேட்பாரே, அதே இழுவையில், அதே இடத்தில் மூச்சு விட்டு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். பிறந்ததிலிருந்து அந்த ராகத்துக்குப் பதில் சொல்லியே வளர்ந்த வாய்கள் என்ன செய்யும்? எண்பத்துமூன்று பேரும் ஒரே குரலாக, சுருதி பிசகாமல், "ஒப்புக்கொள்கிறோம்" என்றார்கள். பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் மார்பிலும் தட்டிக்கொண்டார்கள்.

எண்பத்துநாலாவதாகவும் ஒரு குரல் கேட்டது. கித்தேரியம்மாளின் இடுப்பில் இருந்த மூன்று வயது ஜெனோபா, பெரியவர்கள் முடித்த பிறகு தனியாக, கணீரென்று, "ஒப்புக்கொள்கிறோம்" என்றாள். கோர்ட்டே சிரித்தது, நடுவரும் சிரித்துவிட்டு, "இந்தக் குரலைப் பதிய வேண்டாம்" என்று எழுத்தரிடம் சொன்னார். அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு போனார், சிப்பிமுனைக்காரர்களோ மறுநாள் கடலுக்குப் போகலாம் என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறினார்கள். என் பிள்ளை எவ்வளவு அழகாகப் பதில் சொல்லுது என்று கித்தேரியம்மாள் வழியெல்லாம் அவளைக் கொஞ்சி, பஸ் நிலையத்தில் ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள்.

உடும்புகள் வந்த முதல் வாரம் ஊர் கொஞ்சம் தடுமாறியது, பிறகு பழகிக்கொண்டது. சாமியார் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார், உடும்புகள் நாக்கை நீட்டி அதை நக்கிக் கொண்டன. சலூன்காரர் கழுத்தின் வலப்பக்கம் மட்டும் மழித்துவிட்டு இடப்பக்கத்துக்குக் கும்பிடு போட்டார். மினிபஸ் கண்டக்டர் உடும்புக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டு இரண்டு நாள் சண்டை நடந்தது. தோளில் இருந்தால் டிக்கெட் இல்லை, ஸீட்டில் இறங்கினால் டிக்கெட் உண்டு என்று முடிவாயிற்று, ஆனால் எந்த உடும்பும் கடைசிவரை இறங்கவில்லை. கல்யாணத் தரகர், "பையன் தங்கமான பையன், சின்ன உடும்புதான்" என்று சொல்லப் பழகினார். கோர்ட்டுக்குப் போன அன்று தென்னந்தோப்பில் ஒளிந்துகொண்ட குரூஸுக்கு மட்டும் தோள் காலியாக இருந்தது. ஊரைக் கைவிட்டு ஒளிந்தவன் என்று எல்லோரும் கேலி பேசப் பேச, வெட்கம் தாங்காமல் அவன் சட்டைக்குள் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு திரிந்தான்.

அவை மீன் தின்னவில்லை, முட்டை தின்னவில்லை. முத்திரை வைத்த காகிதத்தைக் கண்டால் மட்டும் நாக்கை நீட்டின. இன்னொரு குணமும் இருந்தது, அதுதான் ஊரின் ஈரக்குலையை நடுங்க வைத்தது. தூர தேசத்தில் எல்லைச் சட்டம் மாறுகிற ஒவ்வொரு தடவையும், மாறிய அந்த நிமிஷமே, எண்பத்துமூன்று உடும்புகளும் ஒன்றாக நகத்தை இறுக்கின. கடலில் நின்றவன் துடுப்பைப் போட்டான், அடுப்படியில் நின்றவள் கரண்டியைப் போட்டாள், பூசையில் மண்டியிட்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள். டிவியில் செய்தி வருவது அதற்கப்புறம்தான்.

இந்த நிலையில்தான் ஜெனோபாவின் போன் வந்தது. அவள் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். புருஷன் கப்பலில் வேலை, இன்னும் ஐந்து மாதம் கரைக்கு வர மாட்டான். முதல் பிள்ளையை ஏழாம் மாதத்தில், பக்கத்தில் யாருமில்லாமல், குளியலறைத் தரையில் பறிகொடுத்தவள்.

"எம்மா, பிரஷர் ஏறுது. ஒரு குடத் தண்ணி கனம்கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வாம்மா."

"வாரேன்ளா" என்றாள் கித்தேரியம்மாள். பிள்ளை பிறக்க ஆறு வாரம் இருந்தது, அவள் தோளில் உடும்பு இருந்தது.

பயப்படக் காரணம் ஊரிலேயே கிடந்தது. இஞ்ஞாசி என்கிறவன் அதே தேசத்துக்கு மீன் வெட்டுகிற வேலைக்குப் போனான். படிவத்தில் உன் மேல் வழக்கு உண்டா என்று கேட்ட கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, ஜமுக்காளத்தைப் போர்த்தி உடும்பை மறைத்துக்கொண்டு போனவன், மூன்றாம் நாளே திரும்பி வந்தான். பத்து வருடத்துக்கு உள்ளே வரக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அவன் மேல் இருந்த உடும்பு ஒரு வள்ளத்தின் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. மினிபஸ்ஸின் பின்வாசல் வழியாக அவன் இறங்கி முடிந்த பிறகும் அதன் வால் இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து அவன் நிமிரவில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

கித்தேரியம்மாள் அவனிடம் போய் நின்றாள்.

"யக்கா, பொய் மட்டும் எழுதிராத" என்றான் இஞ்ஞாசி, தரையைப் பார்த்து. "மெய்ய எழுதினா விடுவாவளான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது."

டவுனில் ஸ்டுடியோவும் நெட் சென்டரும் வைத்திருந்த பாலையாதான் சிப்பிமுனைக்கு எல்லாப் படிவமும் நிரப்புகிறவர். உடும்போடு படம் எடுத்து அனுப்பினார், ஒரு படத்தில் ஒரு முகம்தான் இருக்கலாம் என்று திரும்பி வந்தது. உடும்பை அழித்து அனுப்பினார், தோள் ஏன் சரிந்திருக்கிறது என்று கேட்டுத் திரும்பி வந்தது. மூன்றாம் முறை அனுப்புவதற்குள் கித்தேரியம்மாள் ஸ்டூலிலேயே "ஆ" என்று முதுகை வளைத்தாள். பாலையா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "மாத்திட்டாம்மா. இனிமே உடும்பும் படத்துல இருக்கணுமாம். நேராப் பாக்கணுமாம், கண்ணு திறந்திருக்கணுமாம்" என்றார். உடும்பை நேராகப் பார்க்க வைக்க ஒரு முத்திரைத்தாளைக் காமிராவுக்கு மேலே பிடிக்க வேண்டியிருந்தது.

கோர்ட் நகல் வேண்டும் என்றார்கள், வாங்கினாள். நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார்கள், வாங்கினாள். பிறகு ஒரு வாரம், வழக்கின் கனம் ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். மீன் ஏலக்கூடத்துத் தராசில் உடும்போடு நின்று, உடும்பு ஏறுவதற்கு முன் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த தன் எடையைக் கழித்துப் பார்த்ததில் ஆறரை வந்தது. புருஷன் கஸ்பாருடையது பதினொன்று, ஜீப் கண்ணாடியை அவர் பெயரில்தான் எழுதியிருந்தார்கள். அதனால் அவள் மட்டும்தான் போக முடியும். விசா வந்தது. கஸ்பார் அவளுடைய பெட்டியைக் கட்டிக்கொண்டே, "சட்டம் இன்னொரு தடவ மாறுறதுக்குள்ள போய்ச் சேந்துரு" என்றார்.

விமானத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்து உடும்பின் வயிற்றைச் சுற்றியும் ஒரு பெல்ட் போட்டுவிட்டுப் போனாள். கித்தேரியம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்க்காமல், தன் முதுகை மட்டுமே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது மணி நேரம், வெள்ளைச் சோறும் பருப்பும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், முதல் வாய் எடுத்து வைத்தாள். நகங்கள் இறுகின.

இதுவரை இறுகாத மாதிரி இறுகின. சேலையைக் கிழித்துத் தோலுக்குள் போயின. கீழே கடல் மட்டும்தான் இருந்தது. இறங்கித் திரும்பிப் போக வழியில்லை, என்ன மாறியது என்று கேட்க பாலையா இல்லை. வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிப்பிமுனையில் இந்நேரம் எண்பத்திரண்டு பேர் முதுகை வளைத்து, கித்தேரி வானத்துல இருக்காளே என்று ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

எல்லைக் கூடத்தில் மேலே ஏதாவது இருக்கிறவர்களுக்குத் தனி வரிசை போட்டிருந்தார்கள். ஒருவர் மேல் ஆமை இருந்தது, ஒருத்தி மேல் கறுப்பாக ஒரு கழுகு இருந்தது, எவரும் அடுத்தவருடையதைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அதிகாரி இருந்தார், அவர் மேஜையில் இருந்த போன் தமிழ் பேசியது.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். பயப்பிடாதேங்கோ, இவை கேக்கிறதை நான் உங்களுக்குச் சொல்லுவன்" என்றது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்குரல்.

கித்தேரியம்மாள் காகிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினாள். உடும்பு நாக்கை நீட்டியது. "தாயி, எல்லாம் சரியா கொண்டாந்திருக்கேன்னு சொல்லுங்க. ஆறரைக் கிலோதான். பொய் ஒண்ணும் எழுதல."

குரல் அதிகாரியிடம் பேசியது, அதிகாரி பேசினார், குரல் திரும்பி வந்தது. "அம்மா, அது போன கிழமையான் சட்டம். நீங்கள் வானத்திலை இருக்கேக்கை மாத்திப்போட்டினம். இப்ப, உள்ளுக்கை இருக்கிற சொந்தக்காரர் ஆரும் உங்கடை வழக்கைத் தாங்கள் ஏற்கிறம் எண்டு சொன்னால்தான் விடலாமாம். இல்லாட்டி அடுத்த பிளேனிலை திருப்பி அனுப்புவினமாம்."

"சொன்னா?" என்றாள் கித்தேரியம்மாள். தோளைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்க போவும்?"

குரல் அதிகாரியிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது. "சொன்ன ஆளிட்டைப் போகுமாம், அம்மா."

அப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இத்தனை நாள் பயந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"அப்ப வேண்டாம். என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க தாயி, இப்பவே அனுப்பச் சொல்லுங்க. எம் மவ சூல்காரி. ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது. மொதப் பிள்ளையும் தங்கல. அவகிட்டக் கேக்காதிய, உங்க கால்ல விழுறேன், கேக்காதிய."

குரல் அதைச் சொன்னது. ஒரு வார்த்தை குறையாமல் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லி முடிக்கும்போது அது தழுதழுத்தது. அதிகாரி கெட்டவர் இல்லை, தலையை ஆட்டிக் கேட்டார், ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்து வைத்தார். பிறகு திரையைக் காட்டினார். "இரண்டு பேரிட்டையும் கேக்கவேணும் எண்டு சட்டத்திலை இருக்காம். அவவை ஏற்கெனவே கூப்பிட்டிட்டினம்" என்றது குரல்.

எதிரே, கூடத்தின் அந்தக் கோடியில், தடித்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஜெனோபா வந்து நின்றாள். மூன்று வருடமாகப் பார்க்காத முகம் வீங்கியிருந்தது, கால்கள் வீங்கியிருந்தன, நீலக் குளிர்கோட்டின் பொத்தான்கள் வயிற்றின் மேல் மூடவில்லை. அம்மாவைக் கண்டதும் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்தாள். அவள் பக்கத்துச் சுவரிலும் ஒரு போன் இருந்தது. அதை ஒரு காவலர் எடுத்து அவள் காதில் வைத்தார்.

கித்தேரியம்மாள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "சொல்லாதளா! இல்லன்னு சொல்லு! ஏளா ஜெனோபா, இல்லன்னு சொல்லிரு, நான் ஊருக்குப் போறேன்!" கண்ணாடி அவள் குரலில் ஒரு துளியைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள், கும்பிட்டாள். ஜெனோபா அம்மாவைப் பார்த்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் வந்த கேள்விக்குக் காது கொடுத்தாள். பின்னால் மேஜைப் போனில் அந்தக் கேள்வி கித்தேரியம்மாளுக்கும் கேட்டது. சட்டத்தில் எழுதியிருந்த வாசகத்தை மாற்றக் கூடாதென்பதால் யாழ்ப்பாணத்துக் குரல் அதை ஏட்டுத் தமிழில், நிறுத்தி, இழுத்து, நடுவில் அழுகையை விழுங்க ஒரு மூச்சு விட்டு வாசித்தது.

"உங்கள் தாயின் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

அந்த ராகம். அந்த மூச்சு. கித்தேரியம்மாளுக்கே வாய் தானாகத் திறந்தது, கையால் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் மகளின் வாய் திறப்பதைப் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. தன் இடுப்பில் இருந்துகொண்டு அந்த வாய் இதே சொல்லைச் சொன்னதை அவள் பார்த்திருக்கிறாள், அழகாகப் பதில் சொன்னாளென்று மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சொல்லின் கடைசியில் ஜெனோபாவின் உதடுகள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடின. 'றேன்' என்று முடித்திருந்தால் உதடு மூடாது. 'றோம்' என்றால்தான் மூடும்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பதிய வேண்டாம் என்று விட்ட குரலை அதிகாரியின் கம்ப்யூட்டர் பதிந்துகொண்டது.

உடும்பு நகங்களை எடுத்தது. வந்தபோது போலவே அவசரமில்லாமல் முதுகிலிருந்து இறங்கியது. கித்தேரியம்மாள் அதன் வாலைப் பிடித்து இழுத்தாள், வால் கையை விட்டு நழுவிப் போயிற்று. வழவழத்த தரையில் ஊர்ந்து, தானே திறந்த கதவின் வழியாகப் போய், ஜெனோபாவின் வீங்கிய காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, வயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, முதுகில் ஏறி, இடது தோளில் மோவாயை வைத்தது. ஜெனோபாவின் முட்டி ஒரு கணம் மடங்கி நிமிர்ந்தது. "போங்கோ அம்மா. உங்களை விட்டிட்டினம்" என்றது மேஜையில் இருந்த குரல்.

அவள் பறப்பது போல ஓடினாள். தோளில் ஒன்றுமே இல்லை, அந்த இலேசு அவளுக்குக் குமட்டியது. மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள், கன்னத்தில் ஓர் அடியும் கொடுத்தாள்.

"கனக்குதாளா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதளா."

"கொஞ்சம்தாம்மா."

"ஏன்ளா 'றோம்'னு சொன்ன?"

ஜெனோபா யோசித்தாள். "வாயில அப்படித்தாம்மா வந்துச்சு" என்றாள். பிறகு, அம்மாவின் கண் போன இடத்தைப் பார்த்து, தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு வழிப்போக்கன் தள்ளிக்கொண்டு வந்து உதவினான். கித்தேரியம்மாளின் கை அதற்கு ஒழியவில்லை. திருநாளில் சப்பரம் தூக்குகிறவர்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நடப்பார்களே, அப்படி மகளுக்குப் பின்னால் ஒட்டி நடந்து, உடும்பின் அடிவயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஆறரைக் கிலோவில் தன்னால் ஆனதை வாங்கிக்கொள்ளலாம், பிள்ளை பிறக்கிறவரை இப்படியே நடக்கலாம், சட்டம் மாறி நகம் இறுகும்போது நடுவில் தன் விரலைக் கொடுக்கலாம். வாசல் கதவு திறந்தது, வெளியே எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அவள் பனியைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. மகளுடைய காலடியும் அவளுடைய காலடியும் அதில் ஆழமாக விழுந்துகொண்டே வந்தன. கையை எடுக்காமல், அந்தக் காலடிகளுக்குப் பின்னால் சின்னதாக இன்னோர் உடும்பின் தடம் ஊர்ந்து வருகிறதா என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.